உரம் விற்றவர் வாஷிங்டன் போனது எப்படி? – வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் அமெரிக்கத் தேர்தல் முறை பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, சேலம் மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் ஒரே மனிதரைப் பற்றி விசாரித்து எழுதியிருக்கிறார்கள். அவர் தலீப் சிங் சௌந்த். அக்கடிதங்களுக்கான பதில்களை மட்டும் இம்முறை தருகிறேன்.

ஐயா, கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் மகன், இந்தியாவில் பிறந்த ஓர் உர வியாபாரி அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று சொல்கிறான். நாற்பது வருடமாக மண்டி நடத்தும் எனக்கு இது நம்பும்படியாக இல்லை. உண்மைதானா?
– மண்டி உரிமையாளர், லீ பஜார், சேலம்

உங்கள் மகன் சொன்னது முழுக்க உண்மை. தலீப் சிங் சௌந்த் 1899 செப்டம்பர் 20 அன்று பஞ்சாபில் சஜ்ஜல்வாடி என்னும் கிராமத்தில் பிறந்தார். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துப் பட்டம் பெற்று, 1920-ல் அமெரிக்கா சென்றார். அங்கே போய் அரசியலில் இறங்குவது அவர் எண்ணமே அல்ல. பழங்களைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும் என்றுதான் கப்பலேறினார். சித்திரை வைகாசியில் லாரி லாரியாக வந்திறங்கும் மாம்பழத்தில் ஒரு பகுதி விலை போகாமல் கூடையிலேயே கனிந்து வீணாவதைப் பார்த்துப் பழகிய சேலத்துக்காரர்களுக்கு, அந்த இளைஞரின் திட்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், விரைவிலேயே கணிதத்துக்கு மாறி 1922-ல் முதுகலைப் பட்டமும் 1924-ல் முனைவர் பட்டமும் பெற்றார். சீக்கியக் குருத்வாரா நடத்திய விடுதியில் தங்கி, கோடை விடுமுறையில் டப்பா உணவு ஆலைகளில் கூலி வேலை செய்துதான் படித்து முடித்தார். முனைவர் பட்டம் வாங்கியவருக்குக் கல்லூரி வேலை கிடைக்கவில்லை. தெற்குக் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் போய், பருத்தி எடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக வேலையைத் தொடங்கினார். 1930 முதல் 1953 வரை வெஸ்ட்மோர்லாண்ட் என்ற சிற்றூரில் விவசாயம் செய்தார். 1953 முதல் 1957 வரை அதே ஊரில் ரசாயன உரம் விற்பவராக இருந்தார். 1956 நவம்பரில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான், முதல் சீக்கியரும் அவர்தான், ஆசியாவில் பிறந்து அங்கே வாக்குரிமையுள்ள உறுப்பினரானவர்களில் முதல்வரும் அவர்தான்.

ஆனால் மண்டிக்காரரான உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. சௌந்த் விவசாயம் தொடங்கிய 1930, உலகெங்கும் பொருளாதாரம் சரிந்திருந்த காலம். லெட்டூஸ் கீரை போன்ற பயிர்களில் போட்ட முதல் மூழ்கியது, கடன் ஏறியது. அக்கம்பக்கத்து விவசாயிகள் பலர் திவால் மனுக் கொடுத்து, நம் பக்கத்தில் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்று சொல்வோமே, அந்த வழியில் கடனிலிருந்து விடுபட்டார்கள். இவருக்கும் அந்த யோசனை சொல்லப்பட்டது. அவர் மறுத்துவிட்டு, பல ஆண்டுகள் உழைத்து வாங்கிய கடனைத் திருப்பி அடைத்தார். பஜாரில் இதற்கு நாம் வைத்திருக்கும் சொல் ‘நாணயம்’. பின்னாளில் சௌந்தின் பெயர் வாக்குச்சீட்டில் அச்சாகி வந்தபோது, அந்த நிறத்தையும் அந்தப் பெயரையும் கண்டு தயங்கியிருக்கக்கூடிய ஒரு சிற்றூர் அவரை ஏற்றுக்கொண்டதற்கு, சொற்பொழிவைவிட இந்த நாணயமே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் தந்தையார் செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு வியாபாரம் செய்தவர். ஒரு வருடம் சரக்கு விலை விழுந்து பெரும் நஷ்டம் வந்தது. அந்த வருடத்துப் பேரேடு இன்றும் என்னிடம் இருக்கிறது. கொடுக்க வேண்டியவர்களின் பெயர்கள் பதினெட்டு, ஒவ்வொரு பெயரின் மேலும் ஒரு சிவப்புக் கோடு. கடைசிக் கோடு விழ ஒன்பது வருடம் ஆயிற்று. சௌந்தின் வரலாற்றில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அந்தப் பேரேடுதான் என் கண்முன் நிற்கிறது.

கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் ஏன் விவசாயத்துக்குப் போக வேண்டும்? அமெரிக்காவில் படிப்புக்கு மதிப்பில்லையா?
– கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்

படிப்புக்கு மதிப்பு இருந்தது, படித்தவரின் பிறப்புதான் தடையாக இருந்தது. 1923 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. அப்போதைய சட்டப்படி அயல்நாட்டில் பிறந்த ‘வெள்ளையர்’ குடியுரிமை பெறலாம். திண்ட் முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையிலேயே பணியாற்றியவர். அப்படியிருந்தும், சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும் பொருளில் இந்தியர் ‘வெள்ளையர்’ ஆகமாட்டார், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. சௌந்த் முனைவர் பட்டம் வாங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. இப்போது அவருடைய நிலையை எண்ணிப் பாருங்கள்.

இதோடும் நிற்கவில்லை. குடியுரிமைக்குத் தகுதியற்ற அயலார் விவசாய நிலம் வாங்குவதைக் கலிபோர்னியா மாநிலம் 1913-லேயே ஒரு சட்டத்தால் தடுத்திருந்தது. 1920-ல் அது மேலும் இறுக்கப்பட்டு, குத்தகைக்கும் வழி அடைபட்டது. ஆகவே இந்திய விவசாயிகள் நம்பிக்கைக்குரிய வெள்ளை நண்பர்களின் பெயரிலோ, வாய்மொழி ஒப்பந்தத்திலோதான் பயிர் செய்ய முடிந்தது. கையெழுத்திட்ட காகிதம் இல்லாமல், சொன்ன சொல்லை மட்டும் நம்பி ஒருவர் இன்னொருவர் நிலத்தில் வருடக்கணக்கில் முதல் போடுவது என்றால், அங்கே ஒருவருக்குப் பெயர் கெட்டால் பிழைப்பும் போயிற்று என்றே பொருள்.

இந்த நிலையை மாற்ற அவர் காத்திருக்கவில்லை. மாணவப் பருவத்திலேயே அமெரிக்காவில் இருந்த இந்துஸ்தான் சங்கத்தின் தலைவராகி, இந்திய விடுதலைக்காகக் கிடைத்த மேடைகளிலெல்லாம் பேசினார். 1940-களில் இந்தியருக்குக் குடியுரிமை கோரும் இயக்கத்தில் கலிபோர்னியா விவசாயிகளைத் திரட்டினார். நியூயார்க்கில் ஜே. ஜே. சிங் என்ற இறக்குமதி வியாபாரி, இந்தியா லீக் என்னும் அமைப்பின் மூலம் வாஷிங்டனில் உறுப்பினர்களைச் சந்தித்து ஆதரவு திரட்டினார். இருவரும் வியாபாரத்தையும் விவசாயத்தையும் நடத்திக்கொண்டே இதைச் செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸ் அம்மையாரும் ஜனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லரும் முன்மொழிந்த சட்டத்தில் அதிபர் ட்ரூமன் 1946 ஜூலை 2 அன்று கையெழுத்திட்டார். இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம், ஏற்கெனவே அங்கே வாழும் இந்தியர் குடியுரிமை கோரலாம் என்பது அதன் சாரம். சௌந்த் 1949 டிசம்பர் 16-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். அமெரிக்க மண்ணை மிதித்து 29 ஆண்டுகள் கழிந்த பிறகு, ஐம்பதாவது வயதில்!

குடியுரிமை பெற்ற ஏழே ஆண்டில் தேர்தலில் வெல்வது எப்படிச் சாத்தியமாயிற்று? அவரை எதிர்த்து நின்றவர் ஒரு பெண் என்றும் கேள்விப்பட்டேன்.
– இல்லத்தரசி, ஆத்தூர்

முதலில் அவர் நின்றது தம் ஊர் நீதிபதி பதவிக்கு. அங்கே சிறு வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் நீதிபதியையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டு. 1950-ல் வெஸ்ட்மோர்லாண்டில் போட்டியிட்டு வென்றார். ஆனால் தேர்தல் நாளன்று அவர் குடியுரிமை பெற்று ஓராண்டு நிறையவில்லை என்று கூறி, பதவி மறுக்கப்பட்டது. 1952-ல் மீண்டும் நின்று மீண்டும் வென்றார். அந்தத் தேர்தல் சமயத்தில் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி, ‘டாக்டர், நீங்கள் ஜெயித்துவிட்டால் உங்கள் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்குத் தலைப்பாகையை நீங்களே கொடுப்பீர்களா, நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு வரவேண்டுமா?’ என்று கேட்டாராம். ஒருவர் தலைமேல் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை என்றும், தலைக்குள் என்ன இருக்கிறது என்பதையே தாம் பார்ப்பதாகவும் சௌந்த் பதில் சொன்னார். அங்கேயே அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று. நீதிபதியான பின் ஊரில் நடந்துவந்த சூதாட்டத்தையும் விபசாரத்தையும் கடுமையான தண்டனைகளால் ஒடுக்கினார்.

1956-ல் பிரதிநிதிகள் சபைக்கு ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்றார். ரிவர்சைடு, இம்பீரியல் என்னும் இரு மாவட்டங்கள் சேர்ந்த அந்தத் தொகுதி குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்தது. எதிர்த்து நின்றவர் ஜாக்குலின் காக்ரன். 1953-ல் ஒலியை மிஞ்சிய வேகத்தில் விமானம் ஓட்டிய முதல் பெண்மணி, பெரும் செல்வந்தரின் மனைவி, நாடறிந்த பெயர். அவர் தம் சொந்த விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பிரசாரத்துக்கு இறங்கினார். சௌந்த் குடும்பத்தாரோ வீடு வீடாக நடந்தார்கள். அவர் மனைவி மரியனும் மகள்களும் கதவைத் தட்டி, வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்களைச் சேர்த்தார்கள். நேற்றுவரை உர மூட்டைக்காக வீட்டுக்கு வந்து போனவர்தான் இன்று வாக்குக் கேட்டு வருகிறார் என்பது, அந்தப் பள்ளத்தாக்கின் விவசாயக் குடும்பங்களுக்கு மிக இயல்பாக இருந்திருக்கும். அதே தேர்தலில் அதிபர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவர் அமோகமாக வென்றபோதிலும், இந்தத் தொகுதியைச் சௌந்த் குறைந்த வித்தியாசத்தில் கைப்பற்றினார்.

மரியனைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். செக் நாட்டிலிருந்து குடியேறிய ஓவியர் குடும்பத்தைச் சேர்ந்த அவர், 1928-ல் சௌந்தை மணந்தார். குடியுரிமைக்குத் தகுதியற்ற அயலாரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழக்க நேரும் சட்டம் அமலில் இருந்த காலம் அது. 1931-ல்தான் அந்த விதி நீங்கியது. வெயில் கொளுத்தும் பாலைவனத்து ஊரில், கடனில் இருந்த ஒரு விவசாயியோடு நின்று மூன்று குழந்தைகளை வளர்த்தவர், பிரசாரத்தில் வீட்டு வாசல்படிகளை மிதித்ததையும் சேர்த்தே இந்த வெற்றியை மதிப்பிட வேண்டும்.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராகத் தகுதி என்ன? தொழில் செய்பவர் தொழிலை விட்டுவிட வேண்டுமா?
– காப்பித் தோட்ட உரிமையாளர், ஏற்காடு

பிரதிநிதிகள் சபைக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும், ஏழு ஆண்டுகளாகக் குடிமகனாக இருக்க வேண்டும், தேர்தலின்போது அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும். மேலவையான செனட் சபைக்கு 30 வயதும் ஒன்பது ஆண்டுக் குடியுரிமையும் தேவை. பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதிபருக்கும் துணை அதிபருக்கும்தான். சௌந்துக்கு அந்த ஏழு ஆண்டு எவ்வளவு நெருக்கமாக வந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: குடியுரிமை 1949 டிசம்பர் 16-ல், புதிய சபை கூடியது 1957 ஜனவரி 3-ல். தேர்தல் நாளன்று ஏழு ஆண்டு நிறையவில்லை, பதவியேற்ற நாளில் நிறைந்து இரண்டரை வாரம் ஆகியிருந்தது. இதைக் காட்டி, கட்சிக்குள்ளேயே அவருக்கு எதிராக நின்றவர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

தொழிலை விட்டுவிட வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை. உறுப்பினராக இருக்கும்போது மத்திய அரசின் வேறு பதவி வகிக்கக் கூடாது என்பது மட்டுமே அதில் உள்ளது. பின்னாளில் வந்த விதிகள்தான் கடுமையானவை. 1978-ல் வந்த சட்டப்படி சொத்து விவரங்களை வெளியிட வேண்டும். 2012-ல் வந்த சட்டப்படி 1,000 டாலருக்கு மேற்பட்ட பங்கு வர்த்தகத்தை 45 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வெளியே உழைத்து ஈட்டும் வருமானத்துக்கும் உச்சவரம்பு உண்டு. தோட்டத்தின் உரிமையை வைத்துக்கொள்ளலாம், தோட்டத்துக்குச் சம்பளம் வாங்கும் மேலாளராக விருப்பம்போல் இருக்க முடியாது என்று உங்களுக்குப் புரியும்படி சொல்லலாம்.

நீங்கள் ஏற்காட்டிலிருந்து எழுதுவதால் ஒன்றை நினைவூட்டுகிறேன். பிரிட்டிஷ் ஆட்சியில் சென்னை மாகாணச் சட்டசபைக்கு வணிகரும் தோட்ட முதலாளிகளும் தனி வழியில் போக முடிந்தது. 1937-ல் அமைந்த 215 இடங்களில் 6 இடங்கள் வணிகம், தொழில், தோட்டம் ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. சேர்வராயன் மலையில் காப்பி பயிரிட்ட வெள்ளைத் துரைமாரின் வர்க்கத்துக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. சௌந்துக்கு அப்படி எந்தத் தனிக் கதவும் கிடையாது. அவருக்கு வாக்களித்தவர்கள் அத்தனை பேரும் பொது வாக்காளர்கள்.

பதவிக்கு வந்த பின் விவசாயிகளுக்கு என்ன செய்தார்?
– விவசாயி, மேச்சேரி

இம்பீரியல் பள்ளத்தாக்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் பாலைநிலம். கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்ததால்தான் அங்கே பயிர் உண்டு. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு காவிரி நீரை நம்பி வாழும் பகுதியில் இருக்கும் உங்களுக்கு, ஆற்று நீர்ப் பங்கீடு அங்கே எத்தனை பெரிய விவகாரமாக இருந்திருக்கும் என்பது புரியும். சௌந்த், அங்கே நிலம், நீர் விவகாரங்களைக் கவனிக்கும் உள்துறைக் குழுவில் இடம்பெற்றுப் பாசன விவகாரங்களில் கவனம் செலுத்தினார். புதிய உறுப்பினருக்கு எளிதில் கிடைக்காத வெளியுறவுக் குழுவிலும் இடம் பெற்றார். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க 1957-ல் வந்த குடிமை உரிமைகள் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அதே ஆண்டின் இறுதியில் ஆசியப் பயணத்தில் இந்தியா வந்து, 37 ஆண்டுகளுக்குப் பின் சொந்த ஊரைப் பார்த்தார். அமெரிக்க நிதியுதவி, ஆயுதமாகப் போய்ச் சேராமல் சாதாரண மக்களின் வயலுக்கும் வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று சபையில் வாதாடினார்.

ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் திட்டம் தொடர வேண்டும் என்றே அவர் நின்றார். அறுவடைக்கு ஆள் கிடைக்காத பண்ணைக்காரர்களின் நோக்கில் அது நியாயமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கூலிகளுக்கு நேர்ந்த சிரமங்களை, பருத்தி வயலில் ஒரு காலத்தில் மேஸ்திரியாக நின்றவர் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது அப்படித் தொழிலதிபராக இருந்து உறுப்பினரான இந்தியர் உண்டா? தமிழர் எவரேனும்?
– பட்டதாரி இளைஞர், சூரமங்கலம்

உண்டு. பெலகாவியில் வளர்ந்த ஸ்ரீ தானேதார் வேதியியலில் 1982-ல் முனைவர் பட்டம் பெற்று, 1991-ல் செயிண்ட் லூயிஸ் நகரில் ஒரு சிறிய ஆய்வக நிறுவனத்தை வாங்கி வளர்த்தவர். 2010-ல் கடன்சுமையால் நிறுவனங்களை இழந்து, மீண்டும் புதிதாகத் தொடங்கினார். 2018-ல் மிச்சிகன் ஆளுநர் பதவிக்காகச் சொந்தப் பணம் ஒரு கோடி டாலருக்கு மேல் செலவிட்டும் கட்சிக்குள்ளேயே மூன்றாமிடம்தான் கிடைத்தது. 2020-ல் மாநிலச் சட்டசபைக்கும், 2022-ல் நாட்டின் பிரதிநிதிகள் சபைக்கும் தேர்வானார். தமிழ்ப் பெற்றோருக்கு டெல்லியில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி, சிறு தொழில்நுட்ப நிறுவனங்களை நடத்திவிட்டு 2016 தேர்தலில் இல்லினாய்ஸில் வென்றார். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும் அதே ஆண்டில் வென்றார், ஆனால் அவர் தொழில்துறையிலிருந்து வந்தவர் அல்லர். சௌந்துக்கு அடுத்தபடியாக ஓர் இந்திய வம்சாவளியினர் அச்சபையில் நுழைய 2005 வரை, பாபி ஜிண்டால் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அவருடைய கடைசிக் காலம் எப்படி இருந்தது?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், ஓமலூர்

1958-லும் 1960-லும் மீண்டும் வென்றார். 1962 மே மாதம் வாஷிங்டனுக்கு விமானத்தில் செல்லும்போது பக்கவாதம் தாக்கியது. பேச்சும் நடையும் பெரிதும் பாதிக்கப்பட்டன. மருத்துவமனையில் இருந்தபடியே அந்த ஆண்டுத் தேர்தலில் வேட்பாளராக இருந்தார், தொகுதிக்குப் போய் ஒருவரிடமும் வாக்குக் கேட்க முடியவில்லை, நவம்பரில் தோற்றார். அதன் பின் பத்தாண்டுக்கு மேல் மரியனின் பராமரிப்பில் வாழ்ந்து, 1973 ஏப்ரல் 22 அன்று காலமானார். 2007-ல் அவருடைய உருவப்படம் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2005-ல், ரிவர்சைடு மாவட்டத்தின் டெமெக்குலா ஊரிலுள்ள தபால் அலுவலகத்துக்கு அவர் பெயரைச் சூட்டிச் சட்டம் இயற்றினார்கள். நீங்கள் தபால் துறையில் பணியாற்றியவர் என்பதால் இதைச் சொல்ல எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.